ஜகதீசன் அளக்காமல் விட்டது

என் மாப்பிள்ளை ஜகதீசனுக்கு ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் மத்திய சர்க்கார் உத்தியோகம். என்ன உத்தியோகம் என்றால், பொருள்களைக் கீழே போட்டுப் பார்ப்பது. உள்ளே நடப்பதை வெளியே சொல்லக் கூடாதாம். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்: ஒரு பெட்டி வரும், அதை உயரத்தில் தூக்கி விட்டுவிடுவார்கள். பிறகு உலுக்குகிற மேஜையில் வைத்து நாள் முழுக்க உலுக்குவார்கள். பிழைத்தால் பச்சைச் சீட்டு கட்டுவார், உடைந்தால் சிவப்புச் சீட்டு. பதினெட்டு வருஷமாக இதே வேலை. அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்து சும்மா இருப்பாரா? குக்கர் வாங்கினால் கைப்பிடியைப் பிடித்து ஆட்டுவார். பத்மஜாவுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கினால் மாடியிலிருந்து ஒரு தடவை போட்டுப் பார்ப்பார். என் பேத்தி மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் ஏழு பாட்டில்கள் பரீட்சையில் தோற்றுவிட்டன.

நல்ல மனுஷர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப் போவதைக் கேட்டால் உங்களுக்குச் சந்தேகம் வரும்.

என் மகள் நீலாவுக்கு மாதாப்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து எல்.பி. நகர் போய், அங்கே கம்பெனி பஸ் ஏற வேண்டும். மூன்று பேர் உட்காருகிற ஆட்டோவில் எட்டுப் பேரை ஏற்றுவார்கள். நீலா கடைசியில் ஏறுகிறவள், அதனால் ஓரத்தில் பாதி உடம்புதான் உள்ளே இருக்கும். 2008 மழையில் ஒரு நாள் ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறியதும் இவள் ரோட்டில் இருந்தாள். முழங்கை உரிந்ததோடு போயிற்று. மாப்பிள்ளை அந்த முழங்கையை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இனிமே ஆட்டோ வேண்டாம். கார் வாங்கிடலாம், நீயே ஓட்டிட்டுப் போ” என்றார்.

நீலா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, அவர்களுடைய சின்ன வண்டியில் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டாள். கார் வருவதற்குத்தான் எட்டு மாதம் ஆயிற்று.

வெளிநாட்டில் காரைச் சுவரில் மோதவிட்டுப் பார்க்கிற படங்களை மற்றவர்கள் சினிமா பார்ப்பதுபோல் பார்த்தார் மாப்பிள்ளை. நம் ஊர் வண்டிகளை அப்படி யாரும் மோதிக் காட்டுவதில்லை என்பது அவருக்குப் பெரிய மனக்குறை. அதனால் தானே ஷோரூம் ஷோரூமாகப் போய்க் கதவை இழுத்துச் சாத்துவார், தகட்டை விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார், டேப் எடுத்து நீளம் அகலம் எல்லாம் அளப்பார். இரண்டு ஷோரூமில் இவரைக் கண்டதும் விற்கிற பையன்கள் சாப்பிடப் போக ஆரம்பித்தார்கள்.

கடைசியில் இரண்டு வண்டிகள் நின்றன. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. சின்னதில், மோதினால் ஊதிக்கொண்டு முகத்தைத் தாங்குகிற ஏர்பேக் முன்னால் இரண்டு இருந்தது. பெரியதில் அது இல்லை. ஆனால் நீளம், கனம், முன்னால் நல்ல மூக்கு.

“சின்னதே போதுமே. நான் ஓட்டக் கத்துக்கிட்டதும் அந்த மாதிரிதான்” என்றாள் நீலா.

“உனக்குப் புரியலை. ரெண்டு வண்டி மோதினா கனமான வண்டிக்குத்தான் அடி கம்மி. இது கணக்கு” என்றார்.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். “எதிர்ல லாரி வந்தா, மாப்பிள்ளை?”

“லாரி முன்னாடி எந்தக் காரும் நிக்காது, அத்தை.”

“அப்ப லாரியே வாங்கிடுங்களேன். நாலு பேர்தானே, முன்னாடியே உக்காந்துக்கலாம்.”

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பெரிய வண்டியே வந்தது. எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். மறுநாள் நீலா ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். அவள் உயரம் நாலடி பத்தங்குலம், என்னைக் கொண்டு பிறந்தவள். சீட்டை முன்னால் தள்ளினால் ஸ்டீயரிங் வயிற்றில் இடித்தது, பின்னால் தள்ளினால் கிளட்ச் எட்டவில்லை. கீழே தலையணை வைத்தால் ரோடு தெரிந்தது, கால் தொங்கியது. தலையணையை எடுத்தால் கால் எட்டியது, ரோடு தெரியவில்லை. வண்டியின் மூக்கு எங்கே முடிகிறது என்று அவளுக்குக் கடைசி வரை தெரியவே இல்லை.

மூன்றாம் நாள் எங்கள் ஆபீஸ் குவார்ட்டர்ஸ் கேட்டைத் தாண்டித் திரும்புகிற இடத்தில் குறுக்கே நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. இரண்டு பக்கமும் ஹாரன். ஒரு ஆட்டோக்காரன் தலையை நீட்டி, “ஹவாய் ஜஹாஜ் கைக்கு லாயே, மேடம்?” என்றான். ஏரோப்ளேனை ஏன் ரோட்டுக்குக் கொண்டுவந்தீர்கள் என்கிறான். நீலா வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு, அதே ஆட்டோவில் ஏறிக் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

“பழகிடும்” என்றார் மாப்பிள்ளை.

இரண்டு மாதம் பழகாமலே இருந்தது. ஹைதராபாத்திலேயே பத்திரமான கார் எங்கள் வீட்டு வாசலில் உறை போர்த்திக்கொண்டு நிற்கும். அதை யாருக்காக வாங்கினோமோ அவள் அதைச் சுற்றிக்கொண்டு போய் ஷேர் ஆட்டோ பிடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அதைக் குளிப்பாட்டி, காய்கறி வாங்கப் போவார். எங்கள் வீட்டுக் கத்தரிக்காய்க்கு இருந்த பாதுகாப்பு என் பெண்ணுக்கு இல்லை.

சின்ன வண்டியாக மாற்றச் சொன்னேன். நான்கு தடவை சொன்னேன். “கணக்கு மாறாது, அத்தை” என்றார். சரி என்று ஒரு திங்கட்கிழமை காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு நீலாவோடு கிளம்பினேன்.

“எங்கேம்மா வரே?” என்றாள்.

மாப்பிள்ளை காதில் விழும்படி சொன்னேன். “எல்.பி. நகருக்கு. கனம்தான் பாதுகாப்புன்னு உன் வீட்டுக்காரர் சொல்றாரே. நான் எழுபத்தெட்டு கிலோ. தெனமும் உன் பக்கத்துல உக்காந்து வந்துட்டுத் திரும்பிடறேன்.”

“அத்தை, இது விளையாட்டில்லை” என்றார்.

“நானும் விளையாடலை, மாப்பிள்ளை.”

ஆட்டோக்காரன் என்னைப் பார்த்துவிட்டு, “அம்மாவுக்கு ரெண்டு சீட்டு காசு” என்றான். கொடுத்தேன். உள்ளே ஏறி உட்கார்ந்தேன். இருந்தவர்கள் எல்லாரும் ஒரு விரற்கடை நகர்ந்தார்கள், நீலா ஓரத்துக்குப் போனாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் பார்க்கிறேன், எங்கள் பெரிய கார் வருகிறது. ஆட்டோ போனால் போகிறது, நின்றால் நிற்கிறது. எங்களை முந்தவும் இல்லை, யாரையும் எங்களுக்கும் அதற்கும் நடுவில் விடவும் இல்லை. மந்திரிக்குக்கூட முன்னால்தான் வண்டி போகும், எங்களுக்குப் பின்னால் வந்தது.

நீலா பஸ் ஏறிப் போனாள். நான் காரில் ஏறினேன். மாப்பிள்ளை வண்டியை எடுக்கவில்லை.

“அவ கால் வெளியிலே இருந்துச்சு, அத்தை.”

“ஆமாம்.”

“ஒரு பஸ் உரசிக்கிட்டுப் போச்சு. ஒரு ஜாண்தான் இருக்கும்.” கையை விரித்து அந்த ஜாணைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தெனமும் அப்படித்தான் போறாளா?”

“இன்னிக்கு இன்னும் கொஞ்சம் வெளியிலே. நான் உள்ளே உக்காந்ததால.”

இதைச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. என் கனம் என்னைத்தான் காப்பாற்றியிருக்கிறது. பக்கத்தில் இருந்தவளை அது ரோட்டுக்குத் தள்ளியிருக்கிறது. காப்பாற்றக் கிளம்பியவர்கள் நாங்கள் இரண்டு பேருமே நன்றாக உட்கார்ந்துகொண்டுதான் காப்பாற்றியிருக்கிறோம்.

அந்தச் சனிக்கிழமை பெரிய வண்டியை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டுச் சின்னதைப் பார்க்கப் போனோம். விற்கிற பையன் இவரைக் கண்டதும் எழுந்தான். பாவம், சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. ஆனால் இந்த முறை மாப்பிள்ளை கதவைத் தட்டவில்லை. நீலாவை உட்காரச் சொல்லிவிட்டு, டேப்பை அவள் முழங்காலிலிருந்து கிளட்ச்சுக்குப் பிடித்தார். கண்ணிலிருந்து கண்ணாடிக்குப் பிடித்தார். எட்டு மாதம் கார் கார் என்று அளந்தவர், கட்டின பெண்டாட்டியை அன்றைக்குத்தான் அளந்தார்.

“எல்லாம் எட்டுதா?”

“எட்டுது” என்றாள் நீலா. “டேப்பை எடுங்க, அந்தப் பையன் பாக்குறான்.”

பையிலிருந்து ஒரு பச்சைச் சீட்டை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே கட்டினார். ஆபீசிலிருந்து ஒரு குண்டூசிகூடக் கொண்டுவராத மனுஷர் அவர்.

வண்டி வந்த அன்று நீலா ஓட்ட, மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் பத்மஜாவும் பின்னால்.

“அம்மம்மா, பெல்ட் பெட்டுகோ” என்றாள் பத்மஜா. எங்கள் வீட்டில் தமிழைக் கேட்டுத் தெலுங்கில் பதில் சொல்கிறவள் அவள்.

“எனக்கெதுக்குடி? புடவை கசங்கும். பின்னாடி உக்கார்றவங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

நீலா சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள். திரும்பிப் பார்க்கவும் இல்லை. குவார்ட்டர்ஸ் கேட்டில், பெரிய வண்டி நின்ற அதே இடத்தில், பின்னால் ஹாரன் அடிக்க அடிக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை கையைச் சட்டைப் பைக்குள் விட்டார். அதன் ஓரத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். புடவை கசங்கத்தான் செய்தது.