மெசின் பெட்டியில் ஒரு ஞானஸ்நானம்

ஒன்பது வயதில் நான் ஒரு மனிதனைக் கிறிஸ்தவனாக்கினேன். அதற்குப் பிறகு அந்த அளவுக்கு உருப்படியான காரியம் எதையும் செய்ததாக ஞாபகமில்லை.

அந்த நாளில் எங்கள் நாயாற்றுக் கோயிலின் ஞானோபதேச வகுப்பில் கடைசிப் பிள்ளை நான்தான். ஏழு திருவருட்சாதனங்களையும் வரிசையாகச் சொல்லத் தெரியாததால், என் வயதுக்காரர் எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டு, முதன்முதல் நற்கருணை வாங்குகிற முதல்நன்மை எடுத்த வருடம், நான் பூப்போட்ட சட்டையோடு பின்வாங்கில் இருந்து கேக் மட்டும் வாங்கினேன். ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை வரைக்கும் கம்பீரமாகப் போவேன். நாலாவதில் விழுந்துவிடுவேன். நாலாவது பாவசங்கீர்த்தனம், செய்த பாவங்களைக் குருவிடம் சொல்வது. அதை மறந்ததையும் ஒருநாள் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிவரும் என்று வகுப்பு எடுத்த சிஸ்டர் பயமுறுத்தியதில் ஐந்தாவதும் மறந்துபோனது.

ஒரேயொரு பாடம் மட்டும் மண்டையில் ஏறியிருந்தது. ஆபத்து நேரத்தில், கோயில் குருவான சுவாமி பக்கத்தில் இல்லாவிட்டால், யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஓடும்படி ஊற்றி, உரிய வார்த்தைகளைச் சொன்னால் போதும். பெம்பிளைப் பிள்ளைகளும் கொடுக்கலாமா என்று கேட்டேன். கொடுக்கலாம் என்றார் சிஸ்டர். வீட்டில் அடுப்பு மூட்டக்கூட அனுமதியில்லாத என்னிடம் மோட்சக் கதவின் திறப்பையே தூக்கித் தந்ததுபோல் இருந்தது. தேத்தண்ணியில் கொடுக்கலாமா, இளநீரில் கொடுக்கலாமா, மீன் கழுவிய தண்ணீரில் கொடுக்கலாமா என்று மேலும் கேட்டேன். மூன்றாவது கேள்வியோடு சிஸ்டர் என்னை முழங்காலில் நிற்க வைத்தார். ஆனால் பதிலைச் சொல்லிவிட்டுத்தான் நிற்க வைத்தார். சுத்தமான தண்ணீர் மட்டுமே. கிணறோ, குளமோ, கடலோ பரவாயில்லை.

அன்றிலிருந்து பயிற்சி தொடங்கியது. ஏழு கோழிக்குஞ்சுகள், ஒரு பூனை, ஒரு நண்டு ஆகியோர் என் கையால் திருமறையில் சேர்ந்தார்கள். நண்டு சடங்கின்போது விரலைக் கவ்வியது. இரவு அதே நண்டு கறியில் வந்தபோது, ஞானஸ்நானம் பெற்ற ஒருவரைச் சாப்பிடலாமா என்று யோசித்து, சோறு ஆறும்வரை இருந்தேன். பிறகு சாப்பிட்டேன்.

இந்த நிலையில்தான், மாரி தொடங்கிய ஒரு காலைப்பொழுது, அம்மாவின் தங்கையான சித்திக்கு, பிள்ளைப்பேற்றுக்கு இன்னும் நாள் இருக்க, வலி முந்திவிட்டது. சித்தப்பா மீன் ஏற்றுகிற உழவுமெசினின் பின்னால் பூட்டிய பெட்டியில் வைக்கோல் பரப்பி, மேலே பாய் விரித்து, சித்தியைக் கிடத்தினார்கள். பக்கத்தில் அம்மா. அவர்கள் தலைக்கு மேல் குடை பிடிக்கவும் சுடுதண்ணிப் போத்தலைப் பார்த்துக்கொள்ளவும் நான். முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பாலத்தை அடைவதற்கு முன்பே மெசினின் சில்லு சேற்றில் புதைந்தது. சித்தப்பா உலுக்கிப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார். பிறகு ஆள் கூட்டிவருகிறேன் என்று கத்திக்கொண்டு, வந்த வழியே ஓடினார். அவர் தலை மறையவும் பிள்ளை பிறக்கவும் சரியாக இருந்தது.

பிள்ளை அழவில்லை.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் ஒரு கட்டளை இருக்கும். அன்று அம்மாவிடம் ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளையின் முதுகைத் தட்டினார், உள்ளங்காலைத் தேய்த்தார், வாயைத் துடைத்தார். அது நீலம் பாரித்து, நனைந்த துணிபோல் அவர் கையில் கிடந்தது. அருள்நிறைந்த மரியே என்று தொடங்கி, அதற்கு மேல் போகாமல், திரும்பவும் முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தார்.

"சுவாமியும் இல்லையே," என்றார் கடைசியில். "ஞானஸ்நானமில்லாம வெறுமையாப் போகப்போகுதடி."

"ஆரும் குடுக்கலாம் அம்மா. நான் குடுக்கட்டே?"

வேறு நாளாக இருந்தால் அடி விழுந்திருக்கும். அம்மா என்னைப் பார்த்தார். பாயில் கிடந்த சித்திதான் பதில் சொன்னார். கண்ணைத் திறக்கவில்லை.

"குடு, பிள்ளை."

போத்தலில் இருப்பதை ஊற்றச் சொன்னார் அம்மா. அதற்குள் இருந்தது தேத்தண்ணி. ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கும் வேளையில் நான் பெற்ற தாயோடு இறையியல் வாதம் செய்தேன் என்று இன்றைக்கும் அம்மா சொல்லிக் காட்டுவார். வாதம் செய்யவில்லை. அது செல்லாது என்று மட்டும் சொல்லிவிட்டு, போத்தல் மூடியோடு கீழே குதித்து, பாதையோரம் கிடந்த களப்பில் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, அள்ளிக்கொண்டு ஓடிவந்தேன்.

பெயரும் வைக்கவேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு புனிதரைச் சொன்னால் மற்றவர் கோபிப்பாரோ என்ற பயத்தில் நாலு பேரையும் கூப்பிட்டேன். "அந்தோனி செபஸ்தியான் சவேரி யாகப்பு," என்று தொடங்கி, மூன்று முறை ஊற்றினேன். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உன்னைக் கழுவுகிறேன்." ஒரு சொல் பிசகவில்லை.

மூன்றாவது ஊற்றலில் அது ஒருமுறை விக்கியது. பிறகு அழுதது. அப்படி ஓர் அழுகையை அந்தக் களப்பு கேட்டிருக்காது; கரையில் நின்ற கொக்குகள் எல்லாம் ஒரேயடியாக எழும்பிப் பறந்தன. அம்மா பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி என் தலையில் ஓங்கிக் குட்டினார். அது ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன். குளிர்ந்த தண்ணீர் பட்டதால்தான் மூச்சு வந்தது என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாதி மிஸ்ஸி விளக்கம் சொன்னார். நான் பெருந்தன்மையோடு மறுக்காமல் விட்டேன்.

அடுத்த ஞாயிறு சுவாமி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சிஸ்டரும் நின்றார்.

"என்ன தண்ணி ஊத்தினனி?"

"களப்புத் தண்ணி, சுவாமி."

"கையில போத்தல் இருந்ததாமே?"

"அதுக்குள்ள தேத்தண்ணி. அது செல்லாதெண்டு சிஸ்டர் முழங்கால்ல நிக்க வைச்சுச் சொன்னவா."

சுவாமி சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் யன்னலைப் பார்த்தார். தலையில் தண்ணீர் ஓடியதா, என்ன வார்த்தை சொன்னேன், என்ன நினைத்து ஊற்றினேன் என்று எல்லாம் கேட்டு முடித்து, இது செல்லும் என்று சுவாமி தீர்ப்புச் சொன்னார். பெரிய புத்தகத்தைத் திறந்து, ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில், குருக்களின் கையெழுத்துகளுக்குக் கீழே, என் பெயரை எழுதினார். முதல்நன்மைக்கு இவளுக்கு இன்னும் ஏழும் பாடமில்லை என்று சிஸ்டர் மெல்ல நினைவூட்டினார்.

"ஒண்டைக் குடுத்தவளிட்டை ஏழையும் கேட்டு என்ன காணப்போறியள், சிஸ்டர்?"

அந்தப் புத்தகத்தின்படி, நாலு பெயரையும் சுமந்துகொண்டு அவன் இன்று வவுனியா பஸ் ஓட்டுகிறான். அடையாள அட்டையில் இடம் போதாமல் யாகப்பு பாதியில் நிற்கிறார்.

ஒரு மாதம் கழித்து மீதிச் சடங்குகளைச் செய்யப் பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுவந்தோம். எண்ணெய் பூசி, வெள்ளைத் துணி போர்த்தி, மெழுகுதிரி கொடுத்தார் சுவாமி. தண்ணீர் மட்டும் ஊற்றவில்லை. ஊற்றியவள் நிற்கிறாள் என்று என்னை முன்னே வரச் சொன்னார். பாப்பரசரின் பவனிகூட அப்படி இருந்திராது.

இனிக் கேக்தான் என்று நான் நிற்க, சித்தி சுவாமியிடம் ஏதோ சொன்னார். சுவாமி தீர்த்தச் செம்பை எடுத்தார். எல்லோரும் சேமக்காலைக்கு, ஊர்க் கல்லறைகள் இருக்கும் வளவுக்கு, நடந்தோம். அதற்குள்ளும் நிற்காமல், பின்வேலியைத் தாண்டி, வடலிப் பனைகளுக்கு நடுவே வெறும் மணலில் போய் நின்றோம். அங்கே சிலுவையும் இல்லை, கல்லும் இல்லை. சித்தி காட்டிய இரண்டு இடங்களில் சுவாமி தீர்த்தம் தெளித்து, பெயர் என்ன என்று கேட்டார். பூசையில்கூட வாய்க்குள்ளேயே செபம் சொல்கிற சித்தி, அன்று மகனைத் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் இரண்டு பெயர்களைச் சொன்னார். சித்தப்பா துவாயால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்துபோகும் குழந்தைகளை சேமக்காலை வேலிக்கு வெளியே குழி வெட்டித் தாழ்ப்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம் என்பதையும், சித்தியின் முதல் இரண்டு பிள்ளைகளும் அந்த மணலில்தான் கிடந்தார்கள் என்பதையும் அம்மா எனக்குச் சொன்னபோது நானே ஒரு பிள்ளைக்குத் தாயாகியிருந்தேன். ஒன்பது வயதில் எனக்கு விளங்கியது வேறு. இனிப் பிறக்கப்போகிற இரண்டு பேருக்குச் சுவாமி முன்கூட்டியே பெயர் பதிகிறார் என்று நினைத்தேன். சித்தியின் கையைப் பிடித்து, அவைக்கும் நானே வந்து ஊற்றுவேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சித்தி சிரித்தார். முகம் முழுவதும் சிரிப்பு.

"நீ அவைக்கும் ஊத்திப்போட்டாய், பிள்ளை," என்றார்.

எப்போது ஊற்றினேன் என்று கோயில் வாசல் வரும்வரை யோசித்துக்கொண்டே நடந்தேன்.