நடுவழியில் நின்றதில்லை

ஸ்பானரின் பின்புறத்தால் டீசல் டேங்க்கின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, காதை ஒட்ட வைத்துக் கேட்கிறார் நத்தர்ஷா. கொஞ்சம் கீழே இறங்கி இன்னொரு தட்டு. வண்டியில் டீசல் அளவு காட்டும் முள் இருக்கத்தான் செய்கிறது. அது செத்துப்போய்ப் பல காலம் ஆயிற்று. மாற்றச் சொன்னால், “முள்ளு பொய் சொல்லும், தகரம் பொய் சொல்லாது” என்பார்.

பழுதாகி நிற்கிற வண்டிகளைக் கொக்கி போட்டு இழுத்து வருவது அவர் தொழில். சைகோனுக்குத் துணி வியாபாரத்துக்கு வந்த காரைக்கால்காரரின் பேரன். எழுபத்தைந்தில் ஆட்சி மாறிக் கடை போனது; சொந்தக்காரர்கள் கப்பலேறிப் போனார்கள்; வாப்பா மட்டும் இங்கேயே தங்கிவிட்டார். மகன் நத்தர்ஷாவும் தங்கி, ஒரு பழைய லாரியை வாங்கி, அதன் முதுகில் பளுத்தூக்கியைப் பொருத்திக்கொண்டார். வீட்டில் தமிழ் இன்னும் உயிரோடு இருப்பதற்கு மனைவி நூர் நிஷாதான் காரணம். காரைக்காலிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர். வியட்நாமிய மொழியில் மீன் விலை பேசுவார். கோபம் வந்தால் தமிழ்தான்.

தூரத்துப் பயணம் என்றால் நத்தர்ஷா வரைபடம் பார்ப்பதில்லை. காலைப் பசியாறுகிற மேசைதான் வரைபடம். உப்புக் கிண்ணம் குயி நோன், மிளகுத்தூள் டப்பா ந்ஹா த்ராங், மீன் சாறு புட்டி ஃபான் ராங், தேநீர்க் குவளை சைகோன். இவற்றை வரிசையாக அடுக்கி, எந்த ஊரில் டீசல் போடுவது என்று விரலால் நடந்து நடந்து யோசிப்பார். நடுவில் நூர் நிஷா வந்து ந்ஹா த்ராங்கை எடுத்து முட்டையில் தூவிவிட்டுப் போவார். அன்றைய திட்டம் பாழ், மறுபடியும் முதலிலிருந்து.

அவருடைய சட்டங்கள் கறாரானவை. இங்கே வண்டிகள் வலப்பக்கமாக ஓடுவதால், பங்க் சாலைக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். நுழைய ஒரு வாய், வெளியேற ஒரு வாய் என இரண்டு வேண்டும். பின்னால் ஒரு வண்டி தொங்கும்போது ரிவர்ஸ் எடுப்பது ஆகிற காரியமில்லை. மலை ஏற்றத்துக்கு முன்னால் நிரப்ப வேண்டும், ஏறிய பிறகு அல்ல. இழுத்து வருகிற வண்டியின் டேங்க்கில் எவ்வளவு டீசல் இருந்தாலும் ஒரு சொட்டு தொடக்கூடாது. அது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். நாலும் நல்ல சட்டங்கள். ஐந்தாவதாக, அவர் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று உண்டு: பக்கத்தில் ஹலால் சோறு கிடைக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் ஐந்தாவதுதான் மற்ற நாலையும் ஆட்டிவைக்கிறது.

இவ்வளவு கவனமான மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தால் குற்றமில்லை. அவர் அதை எழுதியே போட்டுவிட்டார். லாரியின் வாலில், மஞ்சள் பலகையில், ‘நடுவழியில் நின்றதில்லை’. தமிழ் தெரியாத வியட்நாமிய ஓவியர் காகிதத்தைப் பார்த்துக் கோலம் போடுவதுபோல் எழுதிக் கொடுத்தது. “முன்னால அல்ஹம்துலில்லாஹ்ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கிடுங்க மச்சான். இப்படி மொட்டையாப் போட்டா கண்ணு பட்டுடும்” என்றார் நூர் நிஷா. பலகையில் இடமில்லை என்றார் இவர். இந்த ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு சிற்றுந்தில் அடங்கிவிடுவார்கள். ஆனாலும் எழுத்து தெருவைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே, வீட்டு வாசலில் லாரியின் மூக்கைச் சுவரில் முட்டித்தான் நிறுத்துவார்.

சென்ற முறை போனது குயி நோனுக்கும் அப்பால், டா நாங்குக்கு. இந்தியாவிலிருந்து கூட்டமாக வந்து கடற்கரையில் கல்யாணம் செய்கிறார்களே, அவர்களுக்குச் சமைத்துப் போடுகிற சேஷாசலத்தின் வேன் கியர் பெட்டி உடைந்து அங்கே நின்றுவிட்டது. சென்னைக்காரர், சைகோனில் சமையற்கூடம் வைத்திருக்கிறார். எங்கும் டீசல் தட்டுப்பாடாக இருந்த நாட்கள் அவை. அதனால் முன்ஜாக்கிரதையாக வேனின் டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பிவிட்டு, அப்புறம் வேனை உடைத்துக்கொண்டார். கொக்கி மாட்டியதும் லாரியில் நத்தர்ஷாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கைப்பேசியைத் திறந்து, வழிநெடுக பங்க் சொல்லிக்கொண்டே வந்தார்.

உப்புக் கிண்ணம் வரை எல்லாம் திட்டப்படியே நடந்தது. மிளகு டப்பாவைத் தாண்டிய பிறகு வந்த முதல் பங்க் இடப்பக்கம். அடுத்ததற்கு ஒரு வாய்தான். மூன்றாவது வலப்பக்கம், இரண்டு வாய், டீசலும் இருந்தது. கொஞ்சம் வரிசை நின்றது, அவ்வளவுதான். “பாய், இங்க போட்டுக்கலாமே, ப்ளீஸ்” என்றார் சேஷாசலம். ஃபான் ராங்கில் போட்டுக்கொள்ளலாம் என்று நத்தர்ஷா வண்டியை விரட்டினார். அங்கே பங்க்கை ஒட்டி சாம் இனத்து முஸ்லிம் அம்மாள் ஒருவர் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். அவர் வைக்கிற மீன் குழம்பைப் பற்றி மட்டும் சேஷாசலத்திடம் மூச்சு விடவில்லை.

ஃபான் ராங்கில் மீன் குழம்பு இருந்தது. டீசல் இல்லை. “ஹெட் யாவ்” என்று அட்டையில் எழுதிக் குழாயில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், தீர்ந்துவிட்டதாம். வேறு யாராக இருந்தாலும் சோறு இறங்கியிருக்காது. நத்தர்ஷா மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். சேஷாசலம் வாழைப்பழம் உரித்தார். பிறகு நத்தர்ஷா டேங்க்கைத் தட்டிக் கேட்டு, அடுத்த ஊர் வரை தாராளமாகப் போகும் என்றார். தன் வயிறு நிறைந்திருந்த சத்தத்தைத் தகரத்தின் சத்தம் என்று நினைத்துவிட்டார், பாவம்.

உப்பளங்களைத் தாண்டி, நிழலே இல்லாத ஓரிடத்தில் லாரி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. நத்தர்ஷா ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. முகம் செத்துவிட்டது. பழுதான வண்டிகளை இழுக்கிற வண்டியை இனி இன்னொருவன் வந்து இழுக்க வேண்டும். அவன் லாரியின் பின்னாலிருக்கும் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் பிடிப்பான். அது சைகோனில் கொக்கி வைத்திருக்கிற அத்தனை பேர் கைப்பேசிக்கும் போகும். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கெல்லாம் இவரே பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறார்.

“என் வேன்ல ஃபுல் டேங்க் இருக்கே பாய்” என்றார் சேஷாசலம்.

“கொக்கியில மாட்டுன நேரத்துலேருந்து அது என்னெட்ட இருக்குற அமானிதம் தம்பி. இறக்கி வச்ச பொறவுதான் ஒங்க வண்டி.”

என் வண்டி, என் டீசல், நானே தருகிறேன் என்று சேஷாசலம் கெஞ்சிப் பார்த்தார், கத்தியும் பார்த்தார். வெயிலில் ஒரு செம்மறிக் கூட்டம் நின்று இருவரையும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. கடைசியில் சமையல்காரருக்கு மூளை வேலை செய்தது.

“அப்ப இறக்குங்க.”

நத்தர்ஷா யோசித்தார். அதில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. பளுத்தூக்கியின் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி வேனைத் தரையில் இறக்கினார், கொக்கியைக் கழற்றினார், இரண்டு கையாலும் சாவியை நீட்டினார். தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் வேன் முறைப்படி உரியவரிடம் திரும்பியது. சேஷாசலம் ஒரு ரப்பர் குழாயை வேனின் டேங்க்கில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். வெங்காயம்கூடத் தொடாத வாய். அந்த வாய் நிறைய டீசலைத் துப்பிவிட்டு நிமிர்ந்தவருக்கு நேர் எதிரே மஞ்சள் பலகை. ஓர் எழுத்து விடாமல் படித்தார். நல்ல மனிதர், முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் கேன் நிறையும் வரை அவர் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

டீசலை ஊற்றி, இன்ஜின் குழாயில் புகுந்த காற்றை எடுத்து, சாவியைத் திரும்ப வாங்கி, மறுபடியும் கொக்கி மாட்டினார் நத்தர்ஷா. அடுத்த ஊரில் முதலில் வந்த பங்க்குக்கு ஒரே வாய். சட்டத்தை மறந்து அதிலேயே நுழைந்தார். வேனின் டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பிய பிறகுதான் தன் வண்டியின் மூடியைத் திறந்தார். வேனோடு ரிவர்ஸ் எடுத்து வெளியே வருவதற்குள் தெருவே கூடிவிட்டது.

வேனைச் சமையற்கூடத்தில் விட்டுவிட்டு வீட்டுத் தெருவுக்கு வந்தவர், வாசலில் லாரியை நேராக நுழைக்கவில்லை. தெருவிலேயே திருப்பி, பின்பக்கமாக உள்ளே எடுக்க ஆரம்பித்தார். சத்தம் கேட்டு நூர் நிஷா வெளியே வந்தார். என்றைக்கும் இல்லாமல் லாரியின் முகம் தெருவைப் பார்த்து வருவதைக் கண்டார். கண்ணாடியில் தெரிந்த கணவரின் முகத்தையும் ஒருதரம் பார்த்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு லாரிக்குப் பின்னால் போய் நின்று, “வாங்க, வாங்க, இன்னும் வரலாம்” என்று கையைக் காட்டினார், மஞ்சள் பலகை சுவரோடு சுவராக ஒட்டும் வரைக்கும்.