எனக்கு ஏழு வேணும்

வெளிநாட்டில் இருக்கிற அண்ணையிடம் பொருள் கேட்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. “என்ன வேணும்?” என்று அவர் கேட்பார். “ஒண்டும் வேண்டாம்” என்று சொல்ல வேண்டும். ஏதாவது கொண்டுவாருங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். மூன்றாம் தரம் கேட்ட பிறகு சின்னதாக ஒன்றைச் சொல்லலாம். அவர் அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கொண்டுவருவார். சம்பல் அரைக்கச் சிறிய மெசின் ஒன்று கேட்டேன். கலியாண வீட்டுக்கே அரைக்கக்கூடிய ஒன்று ரொறன்ரோவிலிருந்து வந்தது. அந்த நாட்டு மின்சாரம் வேறு, எங்கள் மின்சாரம் வேறு என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. செருகிய முதல் நாளே புகைந்துவிட்டது. இன்றைக்கும் அது துணி போர்த்துக்கொண்டு அலுமாரிக்கு மேலே குந்தியிருக்கிறது. வருகிறவர்களுக்கு, “அண்ணை கொண்டுவந்தது” என்று நானும் காட்டத்தான் செய்கிறேன்.

ஆகவே ஒரு ஸ்டெப் சீக்வென்சர், அதாவது தாளம் தட்டுகிற ஒரு பெட்டி, வேண்டும் என்று நான் முடிவெடுத்தபோது எனக்கு முதலில் வந்தது பயம்தான்.

நான் கரவெட்டியில் இருக்கிறேன். பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் வெங்காய அறையில் இசை செய்கிறேன். என் கணவர் தோட்டம் செய்கிறவர். அவருடைய வெங்காயம் அறையின் ஒரு பாதி, என் கணினியும் கீபோர்ட்டும் இரண்டு ஸ்பீக்கர்களும் மறுபாதி. எதிரொலி அடங்குவதற்காகச் சுவர் முழுக்கச் சாக்குத் தொங்கவிட்டிருக்கிறேன். என் இசையைக் கேட்டவர்கள் கண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னால் அதில் ஒரு பொய்யும் இல்லை.

போன வருடத் திருவிழாக் காலத்தில் ஒரு பின்னேரம், தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மெசின் ஓடிக்கொண்டிருந்தது. கோயிலிலிருந்து தவில் கேட்டது. தவில் ஏழு ஏழாகப் போயிற்று. மெசினோ சீராக எட்டு எட்டாக அடித்தது. இரண்டும் ஒன்றாகத் தொடங்கி, விலகி, சண்டை பிடிப்பதுபோல் இழுபட்டு, ஐம்பத்தாறாவது அடிக்குப் பிறகு மறுபடி ஒன்றாக விழுந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஓடிப்போய் மெசினின் சத்தத்தையும் தவிலையும் பதிவு செய்துகொண்டேன். கணவரிடம் சொன்னபோது, “மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறீர்” என்றார். போட்டுக் காட்டுகிறேன் என்று சொன்னேன்.

கணினியில் அதைச் செய்யலாம். செய்தும் பார்த்தேன். ஆனால் பிள்ளைகளின் புள்ளிகளைப் பதிவதும் அந்தத் திரையில்தான். பாட்டு நடுவில் இருக்கும்போதும் எனக்கு ஒன்பதாம் வகுப்பு ஞாபகம் வந்துகொண்டிருந்தது. கையால் தொட்டுத் தட்டக்கூடிய ஒரு பெட்டி எனக்கு வேண்டியிருந்தது.

ஸ்டெப் சீக்வென்சர் என்பது பெரிய வித்தை இல்லை. வரிசையாகப் பதினாறு பொத்தான்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஓர் அடி. எந்த அடியில் ஒலி வேண்டுமோ அந்தப் பொத்தானை அழுத்தினால் அதில் விளக்கு எரியும். பெட்டி இடமிருந்து வலமாக நடந்துபோய், விளக்கு எரிகிற இடங்களில் ஒலியைத் தட்டி, கடைசிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வோர் ஒலிக்கும் இப்படி ஒரு தனி வரிசையை அதே பொத்தான்களில் போடலாம்.

நான் மாதக் கணக்கில் படித்தேன். படங்கள் பார்த்தேன். சவர்க்காரப் பெட்டி மட்டையை அளவு பிசகாமல் வெட்டி, பதினாறு கட்டம் கீறி, மேசையில் வைத்து விரல் ஓட்டிப் பழகினேன். கடைசியில் மூன்று பெட்டிகள் மிஞ்சின. ஒன்றுக்கு இரு பக்கமும் மரம், பார்க்க நல்ல வடிவு. ஆனால் மின்சாரம் நின்றால் போட்டதெல்லாம் மறந்துவிடும். அது எங்கள் ஊருக்குச் சரிவராது. இரண்டாவது பெரியது. பெரிய திரை, ஆயிரம் ஒலிகள். ஆனால் அதன் எல்லா வரிசைகளும் ஒரே நீளத்தில்தான் ஓடும். மூன்றாவது, உள்ளங்கை இரண்டு அகலம். திரைகூட இல்லை. சாதாரண பற்றரியில் ஓடும். நாமே பதிவு செய்த ஒலிகளையும் ஏற்றலாம். ஒரு வரிசையை ஏழாவது அடியிலும் இன்னொரு வரிசையை எட்டாவது அடியிலும் மடக்கி முதலுக்குத் திருப்பிவிடலாம். என் தேடல் அதோடு முடிந்தது. ஒருவரிடமும் கேட்காமல் நானே கண்டுபிடித்தேன் என்ற பெருமையில் அன்றைக்கு இரண்டு கோப்பை தேநீர் கூடக் குடித்தேன்.

அந்த நேரம் பார்த்து, திருவிழாவுக்கு வருவதாக அண்ணை தொலைபேசி எடுத்தார். வழக்கம்போல, “என்ன வேணும்?” என்றார். நான் முறையை எல்லாம் விட்டுவிட்டு, முதல் தரமே சொன்னேன். படமும் அனுப்பினேன்.

அவர் சிரித்தார். “வெக்கப்படாதை தங்கச்சி. பெரிசாய்ச் சொல்லு.”

“வெக்கமில்லை அண்ணை. எனக்கு இதுதான் வேணும்.”

அடுத்த நாள் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. நான் தள்ளிவைத்த அதே பெரிய பெட்டி. உடனே அழைப்பும் வந்தது. “இதைப் பார். இதிலை எல்லாம் இருக்கு.”

“எனக்கு எல்லாம் வேண்டாம் அண்ணை. எனக்கு ஏழு வேணும். அதிலை ஏழும் எட்டும் ஒண்டாய் ஓடாது.”

“உனக்கென்ன விசரே? இவ்வளவு பெரிய சாமானிலை ஓடாதது அந்தக் குஞ்சுப் பெட்டியிலை ஓடுமோ?”

நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். அன்றைக்கு அந்த முயலுக்கு உண்மையாகவே மூன்று கால்தான். அதனால் கோபம் இரட்டிப்பாக வந்தது. வீட்டில் இருக்கிற சேலை, செருப்பு, மணிக்கூடு எல்லாம் அவர் தெரிந்தெடுத்தவை. எல்லாம் நல்லவைதான். ஆனால் இந்த ஒன்றையாவது நான் தெரிந்தெடுக்க வேண்டும் என்று எனக்கு அழுகை வருகிற அளவுக்கு இருந்தது. “பெரிசைக் கொண்டுவந்தியளெண்டால் நான் பெட்டியைத் திறக்கவே மாட்டன். திரும்பக் கொண்டுபோங்கோ” என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊரில் அப்படி ஒருவரும் சொல்வதில்லை. அண்ணை “சரி” என்று வைத்துவிட்டார்.

“நீர் கொஞ்சம் கூடக் கதைச்சுப்போட்டீர்” என்றார் கணவர். எனக்கும் தெரியும். அண்ணை மூன்று கிழமை அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. மட்டைப் பெட்டியை மட்டும் மேசையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன்.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் காலையில் அண்ணையை ஏற்றிக்கொண்டு வாடகை வான் வந்து வாசலில் நின்றது. வந்தவுடன் சூட்கேஸ் திறக்கிற சடங்கு. அதற்கென்றே பக்கத்து வீட்டு மாமி வந்து கதிரையில் இருந்துவிட்டார். சொக்கலேட், தைலம், வாசனைச் சவர்க்காரம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நான் தேநீர் போடுகிற சாட்டில் குசினியை விட்டு வெளியே வரவில்லை. அந்தச் சூட்கேஸில் பெரிய பெட்டி இருந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

“தங்கச்சி, இஞ்சை வா.”

துவாயில் சுற்றிய ஒன்றை என் கையில் வைத்தார். பாரமே இல்லை. துவாயைப் பிரித்தேன். உள்ளங்கை இரண்டு அகலம். பதினாறு பொத்தான்கள்.

மாமி எட்டிப் பார்த்தார். “உதென்ன, கல்குலேற்றரே? தம்பி, தங்கச்சிக்கெண்டு இவ்வளவு தூரத்திலையிருந்து உந்தச் சின்னச் சாமானையே கொண்டுவந்தனீ?”

அண்ணைக்குச் சுருக்கென்று வந்தது. “மாமி, நான் முதல் பெரிசைத்தான் வாங்கினனான். இவள் ரோசத்திலை சொல்லுறாள் எண்டு நினைச்சன். வீட்டை கொண்டுபோய் ஏழும் எட்டும் போட்டுப் பாத்தன். ஒண்டை ஏழாக்கினால் மற்றதும் ஏழாகுது. மூண்டு நாள் மல்லுக்கட்டினன். பிறகு கடைக்குக் கொண்டுபோனன். கடைக்காரப் பெடியனுக்கும் விளங்கேல்லை. ஒரு கையாலை ஏழும் மற்றக் கையாலை எட்டும் மேசையிலை தட்டிக் காட்டினன். அவன் தானும் போட்டுப் பாத்திட்டு, உதிலை ஏலாது, ஆர் உமக்கு இதைச் சொன்னது எண்டு கேட்டவன்.”

“நீ என்ன சொன்னனி?” என்றார் மாமி.

“என்ரை தங்கச்சி எண்டு சொன்னன். கரவெட்டியிலை கணக்கு ரீச்சர் எண்டும் சொன்னன்.”

கரவெட்டி எங்கே இருக்கிறது என்று அந்தக் கடைக்காரனுக்குத் தெரிந்திருக்காது. அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. நான் அழுதேன். வெங்காய அறைக்குப் போவதற்கு முன்னமே அழுதேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அன்று பின்னேரம் அண்ணையும் கணவரும் வெங்காயச் சாக்குகளின் மேல் இருந்தார்கள். ஒரு வரிசையில் தவிலுக்கு ஏழு போட்டேன், மற்றதில் தண்ணீர் மெசினுக்கு எட்டு. ஓடவிட்டேன். இரண்டும் விலகின. அண்ணை சின்ன வயதில் மிருதங்கம் பழகிவிட்டுப் பாதியில் விட்டவர். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் எண்ணத் தொடங்கினார். ஐம்பத்தாறு முடிந்து இரண்டும் ஒன்றாக விழுந்த இடத்தில் அவருடைய கையும் பிசகாமல் விழுந்தது. “ஓம்” என்றார், கண்ணைத் திறக்காமலே. கணவர் என்னைப் பார்த்து, “முடிச்சு விழுந்திட்டுது” என்றார்.

திருவிழா முடிந்து புறப்படுகிற நாள், வான் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அண்ணை திரும்பினார்.

“அடுத்தமுறை என்ன வேணும்?”

“ஒண்டும் வேண்டாம் அண்ணை.”

அவர் ஏற வந்தவர் இறங்கி, என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“ஒண்டும் வேண்டாம் எண்டால், ஒண்டும் வேண்டாம்தானே?”

நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் அப்படிக் கேட்டார்.

“ஓம் அண்ணை” என்றேன்.