அழகமுத்துவின் மூக்கு

புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் தேயிலையின் பதம் பார்க்கும் டீமேக்கர் அழகமுத்து. இருபத்தாறு வருடமாக அவர் மூக்கு சொன்னதுதான் அங்கே சட்டம். கொழுந்து போதுமான அளவு வாடியதா, அடுப்பில் சூடு கூடிப்போனதா, எல்லாவற்றையும் ஒரே மடக்கில் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மூக்கு மாசியில் வந்த காய்ச்சலோடு செத்துப்போனது. ஏழு மாதமாகச் சுடுதண்ணியும் தேத்தண்ணியும் அவருக்கு ஒன்றுதான். நிறத்தைப் பார்த்தே ஒப்பேற்றினார். வீட்டில்கூட மூச்சுவிடவில்லை. ஆனால் திங்கட்கிழமை கொழும்பிலிருந்து தேயிலை வாங்கும் கம்பனி ஆட்கள் வந்து, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ருசி பார்க்கப் போகிறார்கள். குட்டு உடைந்தால் வேலை போய்விடும்.

சனிக்கிழமை மத்தியானம் கண்டிக்கு வந்து, மாநகர சபையில் கிளார்க்காக இருக்கும் பள்ளித் தோழர் சதீஸ்குமாரிடம்தான் முதல்முதலாக வாயைத் திறந்தார். சதீஸ்குமாரிடம் எந்தக் கவலைக்கும் ஒரே மருந்துதான். பக்கத்துத் தெருவில் ஒரு மாடியிலிருந்த பப்புக்கு இழுத்துப்போனார். ஆரஞ்சு என்கிற தோடம்பழத்தின் தோல் போட்டு, இந்த சீசனுக்கு மட்டும் அங்கேயே வடிக்கிற பியர் வந்தது.

"எனக்கு எதுக்குடா இது? பச்சத்தண்ணி குடுத்தாலும் இதேதான்."

"சும்மா குடி மச்சான்."

அழகமுத்துவுக்குக் குடிக்கத் தெரியாது, ருசி பார்க்கத்தான் தெரியும். தொழிற்சாலையில் செய்கிற மாதிரியே, காற்றையும் சேர்த்து 'சர்ர்' என்று உறிஞ்சினார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாய்க்குள் உருட்டி, துப்புவதற்குக் கிண்ணம் தேடினார். சதீஸ்குமாருக்கு மானம் போனது.

ஆனால் அழகமுத்து துப்பவில்லை. மூக்குக்குப் பின்னால் எங்கோ சுருக்கென்றது. தோடம்பழத் தோலை நகத்தால் கீறினால் கண்ணில் தெறிக்குமே, அந்த எரிச்சல். அதன் பின்னாலேயே வாசம் வந்தது. முதலில் தோல், அப்புறம் பழம். அழகமுத்துவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அசைந்தால் போய்விடுமோ என்று பயந்து, கடவுளே பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தது போல கிளாசை வாயோடு பிடித்தபடியே இருந்தார்.

"என்னடா, கசக்குதா?"

"கசக்குதுடா," என்றார். கண் நிறைந்துவிட்டது.

பியரைத் தள்ளி வைத்துவிட்டு, சீனி போடாமல் ஒரு பிளேன்டீ கேட்டார். சர்வர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். கோப்பை வந்ததும் அழகமுத்து அதை மூக்கருகே கொண்டுபோய் நிறுத்தினார். தோடம்பழம் தெரிந்தால் போதுமா, தேயிலை தெரிய வேண்டுமே. மறுபடியும் அதே சத்தத்தோடு உறிஞ்சினார்.

"கொழுந்து சரியா வாடல மச்சான். அடுப்புலயும் கருக்கிட்டானுக," என்றார் அழுதுகொண்டே. "இவ்வளவு கேவலமான தேயிலைய நான் குடிச்சதே இல்ல."

ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, இன்னொன்று கொண்டுவரச் சொன்னார்.