கூப்பிட்டும் நகராதவை

எண்பதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவின் பின்னறையில், யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் ரத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் அங்கே கண்ணாடிச் சாமான் கழுவுகிற ஆள்.

உடம்பில் கிருமி புகுந்தால் அந்த இடத்தில் ஒரு புரதம் கசியும். அது வெள்ளை அணுக்களைக் கூப்பிடும். அவை ஊர்ந்து வரும். டாக்டரம்மா அந்தப் புரதத்தில் ஒளிரும் சாயம் ஏற்றினார். வெளிச்சம் பட்டால் சாயம் கெடும். புட்டியைக் கறுப்புத் தாளில் சுற்றி, ஐஸில் வைத்து, இருட்டில் ஆட்டிக்கொண்டிருப்பேன். பிறகு கண்ணாடிக் குழாயில் ஊற்றினால் இரண்டு மஞ்சள் பட்டைகளாக இறங்கும். முதலாவது, சாயம் ஒட்டிய புரதம். பின்னால் வருவது வெறும் சாயம்; அதை ஊற்றிவிடுவோம்.

ஒருநாள் என் ரத்தத்தையே காட்டினார். மைக்ராஸ்கோப்பில் நீல வெளிச்சம். சாயம் ஏறிய வெள்ளை அணுக்கள் பச்சைப் புள்ளிகளாக ஒரே பக்கமாக ஊர்ந்தன. நான் மூச்சைப் பிடித்தேன். அவை நிற்கவில்லை. என்னை விட்டு வந்த பிறகும் அவற்றுக்குப் போக ஓர் இடம் இருந்தது.

என் தங்கச்சி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். அட்டை கடித்த காலில் புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. காலை எடுக்க வேண்டிவரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். காரணம் தெரிந்தால் காலைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. கூட்டிவந்தேன்.

விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, அவளை வெளியே உட்காரவைத்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கண்ணாடித் தகடு முழுக்கப் பச்சை வெள்ளம். ஒரு அணுவும் தெரியவில்லை.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “பின்னால வந்த சாயத்தையோ தந்தனீர்?”

“இல்லீங்கம்மா. மொதல்ல வந்ததுதானுங்க.”

தங்கச்சியை உள்ளே கூப்பிட்டார். இருட்டறையில் தடவிக்கொண்டு வந்தவளின் கை நீல வெளிச்சத்துக்குக் குறுக்கே போனது. மணிக்கட்டு வரை கை மட்டும் பச்சையாக எரிந்தது. ஆள் தெரியவில்லை.

“ஐயோ அண்ணே, என் கையப் பாருண்ணே!”

“பிள்ளை, கையில என்ன பூசினனீ?”

“மஞ்சளுங்கம்மா. ஊசி குத்துற எடம் சீழ் வைக்கக்கூடாதுன்னு காலையிலயே தோட்டத்து லயத்துல பூசிவிட்டாங்க.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “நான் சாயம் கொண்டுவாற கப்பலைப் பாத்துக்கொண்டிருந்தனான். நீ அம்மியில அரைச்சுக்கொண்டு வந்திட்டாய்.”

சவுக்காரம் போட்டுக் கழுவவைத்து, மற்றக் கையில் குத்தினார். இந்த முறை தெளிவு. ஒவ்வொரு அணுவும் ஒளிர்ந்தது. கூப்பிட்ட புரதம் ஒவ்வொன்றையும் தொட்டிருந்தது. ஒன்றும் நகரவில்லை. வெகுநேரம் பார்த்தோம்.

தங்கச்சியும் குனிந்து பார்த்தாள்.

“எல்லாம் நம்மளயே பாத்துக்கிட்டு நிக்குதுங்கண்ணே.” பிறகு டாக்டரம்மாவிடம், “போகாதுங்களா?”

“போகாது, பிள்ளை. அதுகள் போகாத இடத்துக்கு மருந்துதான் போகவேணும். ஒருநாளும் விடக்கூடாது. இப்ப வெட்ட வேண்டாமெண்டு நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லுறன்.”

கால் தப்பியது. இன்றும் மாத்திரை போடுகிறாள்.

அன்று அவள் பஸ் ஏறிப் போன பிறகு, தகட்டைக் கழுவ வந்தேன். கழுவுமுன் மைக்ராஸ்கோப்பில் ஒருமுறை பார்த்தேன். அப்படியே நின்றன. நீல வெளிச்சத்தில் பச்சை மெல்ல மங்கி, கடைசியில் கறுப்பு மட்டும் இருந்தது. அதற்குள்ளும் நின்றுகொண்டுதான் இருக்கும். தண்ணீர்க் குழாயைத் திறக்க எனக்குக் கை வரவில்லை.