பதினோரு மணிக்கு நண்டு

போன வாரம் இனியாவுக்கு ஷூ வாங்க நாவலூரில் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். இனியா என் கடைக்குட்டி, பத்து வயது. ஷூ பகுதிக்குப் போகும் வழியில் பொம்மைப் பகுதி. அங்கே அட்டைப் பெட்டிகளை அடுக்கி, மேலே ‘இயற்கையோடு விளையாடு’ என்று போட்டிருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு பாக்கெட் மணல், கொஞ்சம் கிளிஞ்சல், ஒரு பூதக்கண்ணாடி, பிளாஸ்டிக்கில் ஒரு நண்டு. நான்கு வயதுக்கு ஒரு பெட்டி, எட்டு வயதுக்கு ஒன்று, பன்னிரண்டு வயதுக்கு ஒன்று. விலைதான் வேறு வேறு, மணல் மூன்றிலும் ஒரே மணல்தான். கடல் இருக்கும் ஊரில் மணலைப் பாக்கெட் போட்டு விற்கிறார்களே, என்ன சாமர்த்தியம்! ஒரு பெட்டியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன்.

“அப்பா, இன்னாப்பா பண்றீங்க, எல்லாரும் பாக்கறாங்க,” என்று இனியா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அட்டை வாசனை மட்டும்தான் வந்தது. கடல் மணல் அப்படியா இருக்கும்? எங்கள் பழைய காரின் டிக்கியை நீங்கள் திறந்து பார்த்திருக்க வேண்டும். காய்ந்த பாசி, நண்டு ஓடு, ஈரத் துண்டு, எப்போதோ கொட்டிய மோர், எல்லாம் சேர்ந்து குப்பென்று முகத்தில் அடிக்கும். “இது காரா, கருவாட்டுக் கடையா?” என்று என் மனைவி சுகன்யா மூக்கைப் பொத்திக்கொள்வாள். எனக்குக் கோபம் வரும். ஏனென்றால் அந்த டிக்கிதான் எங்கள் பள்ளிக்கூடத்தின் ஆய்வகம்.

ஆமாம், நானும் ஒரு பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறேன். மூன்றே மாணவர்கள், மூவரும் என் பிள்ளைகள். சிரிக்காமல் கேளுங்கள்.

அப்போது திருவிடந்தையில் குடியிருந்தோம். சுகன்யாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை, எனக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை, இரண்டுக்கும் நடுவில் என்று பார்த்துப் பிடித்த வாடகை வீடு. நானோ கரூர்ப் பக்கத்து ஆள். சின்ன வயதில் நான் பார்த்த பெரிய தண்ணீர் என்றால் ஆடி மாதத்துக் காவிரிதான். அந்த வருஷம் எங்கள் கம்பெனியில் ஒரு கூட்டத்தையே ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள், அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அதே சமயத்தில் நடுப்பிள்ளை கதிர், எட்டு வயது, காலையில் பள்ளி வேன் ஹாரன் கேட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்க ஆரம்பித்தான். டாக்டர்களிடம் காட்டினோம், வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள். கடைசியில் அவனை நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைப்பதென்று முடிவு செய்தோம். ஒருவனை நிறுத்தி மற்றவர்களை அனுப்பினால் அவன் மனசு கஷ்டப்படும் என்று ஏழாம் வகுப்பில் இருந்த பெரியவள் மதியையும் நிறுத்தினோம். இனியாவுக்கு அப்போது நான்கு வயது, அவள் பள்ளிக்கே போனதில்லை.

கதிருக்காகத்தான் எல்லாம். ஆனாலும் உங்களிடம் மறைப்பானேன், வேலை போய்விட்டது என்று சொல்வதைவிட, பிள்ளைகளுக்கு நானே பாடம் நடத்துகிறேன் என்று சொல்வது காதுக்கு நன்றாக இருந்தது. மாமனார் போன் செய்தால் என் குரல் தானாகவே தலைமையாசிரியர் குரலாகிவிடும்.

சுகன்யா ஒரு கெடு வைத்தாள். “ஒரு வருஷம் பாக்கலாம். அடுத்த வருஷம் ஜூன்ல புள்ளைங்கள உக்கார வெச்சுக் கேட்போம். அவங்க என்ன சொல்றாங்களோ அதுதான். சரியா?”

சரி என்றேன். நான் நடத்தப்போகும் அழகைப் பார்த்துவிட்டு எந்தப் பிள்ளை திரும்பப் போவேன் என்று சொல்லும் என்ற தைரியம்தான்.

முதல் வாரமே தைரியம் கழன்றுவிட்டது. மதிக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்தால் கதிருக்குப் புரியாது. கதிருக்கு வாய்ப்பாடு எடுத்தால் மதி கொட்டாவி விடுவாள். இரண்டு பேருக்கும் நடுவில் இனியா சாக்பீஸைத் தின்றுகொண்டிருப்பாள். அப்புறம்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. பாடத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டாம். வெளியே இருக்கும் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்வது, அதைப் பற்றி மூன்று கேள்வி. சின்னவள் பார்க்க வேண்டும், நடுவுள்ளவன் எண்ணவோ அளக்கவோ வேண்டும், பெரியவள் ஏன், எதற்கு என்று யோசித்து எழுத வேண்டும். நண்டு ஒரு வாரம், பனை ஒரு வாரம், சவுக்கு ஒரு வாரம், உப்பளம் ஒரு வாரம். சாஃப்ட்வேரில் ஊறிய உடம்பு சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டேன். பிள்ளைக்கு ஒரு நிறம், நாளுக்கு ஒரு கட்டம், மணிக்கு ஒரு வரி. பிரின்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். அவ்வளவு அழகான அட்டவணையை நான் கம்பெனிக்குக்கூடப் போட்டதில்லை.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் செல்வி அக்கா குப்பத்திலிருந்து வண்டியில் வருவார். நண்டு வாரத்துக்காக ஒரு நண்டு கேட்டேன். கால் ஒன்றுகூட உடையாமல் முழுசாக வேண்டும் என்றேன்.

“ஒரே நண்டா? ஒரு நண்ட வெச்சி இன்னா சார் பண்ணுவ? சளி புடிச்சிகீதா?”

“சாப்பிட இல்லக்கா. பசங்களுக்குப் பாடம்.”

“நண்டுல இன்னா சார் பாடம் கீது?” என்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஃப்ரிட்ஜ் பக்கம் எட்டிப் பார்த்து, “பாவம், அம்மா மட்டும் வேலைக்கிப் போவுது,” என்று சொல்லிவிட்டு நண்டைக் காசு வாங்காமலே கொடுத்துவிட்டுப் போனார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் நண்டு நல்ல நண்டு.

செத்த நண்டைப் பார்த்தாயிற்று, இனி உயிர் நண்டு. செவ்வாய்க்கிழமை, காலை நாஸ்தா முடிந்து, பதினோரு மணிக்குக் கடற்கரையில் நண்டு பார்ப்பது என்று கட்டத்தில் போட்டிருந்தேன். போனோம். பங்குனி வெயிலா அது, அடுப்பு! மணலில் கால் வைக்க முடியவில்லை. சவுக்குத் தோப்பைத் தாண்டி ஈரமணல் தொடங்கும் இடமெல்லாம் வளை வளையாக இருந்தது. நண்டு ஒன்றுகூட இல்லை. ஆளுக்கொரு வளை முன்னால் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். கதிர் அளவுகோலை மணலில் நட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தான். மதி பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. இனியா குப்புறப் படுத்து வளைக்குள் வாயை வைத்துச் சொன்னாள்:

“வெளிய வா. எங்கப்பா உனக்குப் பதினோரு மணி போட்டிருக்காரு.”

மதி சிரித்தாள் பாருங்கள், குடை பறந்துபோனதுகூடத் தெரியாமல் சிரித்தாள். கதிர் உருண்டான். எனக்கும் அடக்க முடியவில்லை. வேன் ஹாரனுக்கு வாந்தி எடுத்த பிள்ளை வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் நண்டின் நேரத்துக்கு நாங்கள் போனோம். விடிந்தும் விடியாமலும் போனால் கரை முழுக்க அதுகள்தான், நம் நிழல் விழுந்தால் சரசரவென்று ஓடி மறையும். “பக்கவாட்டுல ஓடும்போது அது எந்தப் பக்கம் பாக்கும்?” என்று இனியா கேட்பாள். பதில் எனக்குத் தெரியாது. கதிர் வளைகளை எண்ணுவான், அலை வந்து அழிக்கும், திரும்ப முதலிலிருந்து எண்ணுவான். மதி உட்கார்ந்து வரைவாள், எழுதுவாள். மூன்று பேரும் ஒரே வளையைச் சுற்றிக் குனிந்திருக்கும்போது மூன்று தலையும் முட்டிக்கொள்ளும். அட்டவணையை ஃப்ரிட்ஜிலிருந்து கிழித்துவிட்டேன். சொல்லப்போனால் என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் பார்த்ததில்லை.

அதனால்தானோ என்னவோ, மதியை நான் சரியாகக் கவனிக்கவில்லை. கடற்கரையிலிருந்து வீட்டுக்கு வரக் குறுக்குவழி ஒன்று இருந்தது. மதி மட்டும், “ஈசிஆர் பக்கமா சுத்திப் போலாம்ப்பா,” என்பாள். நுங்குக்காரர் கடைக்காகத்தான் என்று நினைத்தேன். நுங்கு வாங்கிக் கொடுத்தால் தம்பிக்குக் கொடுத்துவிடுவாள். பஸ் ஸ்டாப்பில் பள்ளிப் பெண்கள் நான்கைந்து பேர் சீருடையில் நின்று, ஒருத்தி காதில் ஒருத்தி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்த இடம் வந்ததும் மதியின் செருப்பில் மண் புகுந்துவிடும். குனிந்து, உதறி, மறுபடி மாட்டி, மெதுவாக எழுந்திருப்பாள். தினமும் அதே இடத்தில் மண் புகும்.

சுகன்யாதான் சொன்னாள். “அவளுக்குப் பேச ஆள் இல்லைங்க. தெரியலையா உங்களுக்கு?”

“ஏன், நாம பேசறதில்லையா?”

“நாம ஆள் கணக்குலயே இல்ல,” என்றாள்.

அடுத்த வருஷத்து நண்டு வாரம் வருவதற்குள் மதியே கேட்டுவிட்டாள். டிக்கியிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

“அப்பா, ஜூன்ல நான் ஸ்கூலுக்குப் போறேன்.”

“ஏம்மா, இங்க என்ன குறை?”

“குறையெல்லாம் இல்லப்பா. நல்லாத்தான் இருக்கு. ஆனா என் வயசுல யாருமே இல்ல.”

வேறு எதை வேண்டுமானாலும் அட்டவணையில் போட்டுச் சரிசெய்திருப்பேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவள் போய்விட்டால் மூன்று கேள்வியில் ஒரு கேள்வி போய்விடும், கூடவே என் பள்ளிக்கூடமும் பாதி போய்விடும் என்று தோன்றியது. “வேடந்தாங்கல் போய்ட்டு வருவோம். பறவைங்க கிளம்பட்டும், அப்புறம் பாக்கலாம்,” என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். பள்ளிகளில் அட்மிஷன் முடிகிற சமயம் அது, அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தப் பறவை வாரத்துக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே! பைனாகுலர் கடன் வாங்கினேன், படங்கள் ஒட்டினேன். எப்படியாவது அவள் மனசை மாற்றிவிட வேண்டும். இருட்டோடு கிளம்பிச் செங்கல்பட்டு போய், கொளவாய் ஏரிக்கரையில் டீ குடித்துவிட்டு வேடந்தாங்கல் போய்ச் சேர்ந்தோம். தண்ணீரில் நின்ற கடப்ப மரங்களில் நாரைக் கூட்டம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. எச்சத்தின் நாற்றமும் குஞ்சுகளின் சத்தமும். நான் பையிலிருந்து என் தாளை எடுத்தேன்.

“அப்பா, இன்னிக்கு நான் நடத்தட்டுமா?” என்றாள் மதி.

நடத்தினாள். இனியாவிடம் ஒரே ஒரு பறவையைக் காட்டி, “இது என்ன செய்யுதோ அது மட்டும் பாரு, வேற எதையும் பாக்காத,” என்றாள். கதிரிடம் ஒரு மரத்தைக் காட்டி, “எத்தனை தடவை ஏதாவது தூக்கிட்டு வருதுன்னு எண்ணு,” என்றாள். பிள்ளைகள் இரண்டும் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்துவிட்டன. அப்புறம் அவள் வந்து கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உனக்கு என்ன கேள்விம்மா?” என்றேன்.

“எனக்கு எதுக்குப்பா? நான் இதுங்கள பாத்துக்கறேன்.” நோட்டையும் பென்சிலையும் என் மடியில் வைத்தாள். “எழுதற வேலை உங்களுக்கு.”

எழுதினேன். அரைப் பக்கம் எழுதுவதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது. மற்ற இரண்டு பேரும் அங்கே ஆனந்தமாகப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வருஷமாக இந்தப் பெண் இப்படித்தான் தனியாகக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாளா என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு, “ரெண்டு எழுத்துப் பிழை இருக்கு,” என்றாள்.

திரும்பி வரும் வழியில் செங்கல்பட்டு தாண்டியதும் சொன்னேன். “நாளைக்கு ஸ்கூலுக்குப் போய் ஃபார்ம் வாங்கிட்டு வந்துடலாம்.”

கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டில் தூங்கும் இனியாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மதி போன பிறகு இருவரை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டினேன். அப்புறம் கதிரும், “அக்கா வேன்லயே நானும் போறேன்,” என்றான். ஹாரன் கேட்டு ஓடிப்போய் ஏறினான். அதற்காகத்தானே எல்லாம். எனக்கும் வேலை கிடைத்தது, நாவலூரில் ஒரு அபார்ட்மென்ட்டுக்கு வந்துவிட்டோம், காரை மாற்றினோம். புதுக் காரின் டிக்கியில் வாசனையே இல்லை. மூன்று பிள்ளைகள் மூன்று நேரத்தில் சாப்பிடுகிறார்கள். கதிர் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். மதி பொத்தேரியில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். வந்தால் தூங்குகிறாள்.

அந்தப் பெரிய கடையிலிருந்து வரும் வழியில் இனியாவிடம் நண்டு கதையைச் சொன்னேன். “நான் நண்டுகிட்ட பேசினேனா? பொய் சொல்லாதப்பா,” என்றாள். அவளுக்கு ஒன்றுகூட ஞாபகமில்லை. எனக்குப் பகீரென்றது. வாங்கிய புது ஷூவோடு அவளை அந்த ஞாயிற்றுக்கிழமையே திருவிடந்தைக்கு அழைத்துப்போனேன். சவுக்குத் தோப்பு இருந்த இடத்தில் ஒரு ரிசார்ட்டின் மதில். செல்வி அக்காவைக் கேட்டேன், மகள் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். கரை மணல் முழுக்க வண்டிச் சக்கரத் தடமாக இறுகிக் கிடந்தது. நடந்து நடந்து பார்த்தும் ஒரு நண்டு கண்ணில் படவில்லை.

“இங்கயா ஸ்கூல் நடந்துச்சு? எந்த இடத்துல?” என்றாள் இனியா.

எனக்குக் காட்டத் தெரியவில்லை. மதிக்குப் போன் செய்தேன். அங்கே பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“நண்டே இல்லம்மா. எல்லாம் போயிடுச்சு.”

“எத்தனை மணிக்குப் போனீங்க?”

மணியைப் பார்த்தேன். “நாஸ்தா முடிச்சிட்டுத்தான் வந்தோம்.”

“அப்பா!” என்று சிரித்தாள். சிரித்து முடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “விடியறதுக்குள்ள போகணும்ப்பா, மறந்துட்டீங்களா?”

“நீயும் வாயேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றியா?”

யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். “செமஸ்டர் முடியட்டும்ப்பா, அப்புறம் பாக்கலாம்,” என்றாள்.

சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். இனியா ஷூவைக் கழற்றி மணலை உதறிக்கொண்டிருந்தாள்.