ஆவணிக்குள் ஒரு பல் வரிசை

"இந்தக் கிளிப்பை ஆர் போட்டது?"

போன கிழமை, தம்பி மகள் துளசியின் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்த ஓர்த்தடொன்டிஸ்ட், பல் வரிசை திருத்துகிற ஸ்பெஷலிஸ்ட், கேட்டார். தம்பி கூரையைப் பார்த்தான். நான்தான் சொன்னேன் - உடுவிலில் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பல் டொக்டர்.

"அவரும் பல்லுக்குத்தானே படிச்சவர்?" என்றான் தம்பி.

"ஓம். பிடுங்குவார், அடைப்பார். பல்லை எலும்புக்குள்ளாலை நகர்த்திறதுக்கு அதுக்கு மேலை வேறை படிப்பு இருக்கு, அண்ணை. எக்ஸ்றே எடுத்தவையே?" என்றார் ஓர்த்தடொன்டிஸ்ட்.

எடுக்கவில்லை. நேரம் எங்கே?

துளசியின் முன்பற்கள் கொஞ்சம் மிதப்பு, வெளியே தள்ளி நிற்கும். லண்டன் மாப்பிள்ளை சரிவந்தது, ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பல்லைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னது எங்கள் சனம்தான் - "கல்யாணப் பட அல்பத்திலை பல்லு தெரியும்."

ஸ்பெஷலிஸ்டிடம் போனால் வருஷக்கணக்கில் இழுபடும். அதோடு கிளினிக் வாங்கில் காத்திருக்கிறதை யாராவது கண்டு, பெட்டைக்கு ஏதோ குறையாம் என்று ஊரெல்லாம் கதைத்தால்? ஆகவே பக்கத்து டொக்டர். "ஆவணிக்குள்ளை உள்ளுக்கு இழுத்துத் தாறன்" என்றார். இழுத்தார்... 'இது என்ரை வேலையில்லை' என்று சொல்ல அந்த மனிதருக்கும் வாய் வரவில்லை.

இதே தம்பி, பழைய வான் ஒன்று வாங்கப் போனபோது இன்ஜினுக்கு ஒரு ஆள், வயரிங்குக்கு இன்னொரு ஆள் என்று கூட்டிக்கொண்டு போனவன். மகளின் வாய்க்கு மட்டும் யாரென்றாலும் சரி.

இப்போது முன்பல் இரண்டும் ஆடுகின்றன. அவசரமாக இழுத்ததில் வேர் கரைந்துவிட்டதாம். "காப்பாத்தப் பாக்கிறன். உறுதி சொல்லேலாது" என்றார் ஓர்த்தடொன்டிஸ்ட். துளசி அழவில்லை. நாக்கால் அந்தப் பற்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் வழியில், வானுக்குள், மாப்பிள்ளையின் வீடியோ கோல்.

"என்ன, முகம் வாடியிருக்கு? எங்கை, ஒருக்காச் சிரியும் பாப்பம். உம்மடை அந்தச் சிரிப்பைப் பாத்துத்தானே நான் ஓமெண்டனான்."

துளசி சிரித்தாள் - கையால் வாயைப் பொத்திக்கொண்டு. பல் மிதப்பாக இருந்த காலத்தில் அவள் ஒருநாளும் அப்படிப் பொத்தியதில்லை. முன் சீட்டில் தம்பி றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊர்ச்சனத்துக்குச் சந்தோஷமாக இருக்கும்... அல்பத்தில் இனிப் பல் தெரியாது.